கருமுட்டை தரும் பெண்ணை மறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிகிச்சைக்கான குளோனிங் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நோயாளிக்காக வாதாடுகிறோம், கருவுக்காக வாதாடுகிறோம். கருமுட்டை தரும் பெண்ணை மட்டும் மறந்துவிடுகிறோம்.

முட்டையின் உட்கருவை அகற்றிவிட்டு, நோயாளியின் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை வைப்பது இம்முறை. அது கருவாக வளரத் தொடங்கியதும், எந்த வகைத் திசுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை அதிலிருந்து எடுக்கிறார்கள். அதில் வளர்த்த திசுவை நோயாளியின் உடல் ஏற்க மறுக்கும் வாய்ப்பு குறைவு. நல்லதுதான். ஆனால் முட்டைக்காக ஒரு பெண் ஹார்மோன் ஊசிகள் போட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சினைப்பை வீங்கி மருத்துவமனையில் சேரும் நிலைகூட வரும்.

தென்கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி இந்த ஆய்வுக்காக 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகளைப் பயன்படுத்தினார். தந்தவர்களில் அவரது ஆய்வகத்தின் இளம் பெண்களும் உண்டு. தலைமை விஞ்ஞானியின் ஆய்வுக்கு 'மாட்டேன்' என்று அவர்களால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? கடைசியில், குளோனிங் வழியே ஸ்டெம் செல் உருவாக்கியதாக அவர் சொன்னதே பொய் என்று 2006 ஜனவரியில் சியோல் தேசியப் பல்கலைக்கழக விசாரணைக் குழு அறிவித்தது. அத்தனை பெண்களின் வலியும் வீண்.

அதே ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா, எலியின் தோல் செல்லையே ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டே மனித செல்லையும். இதற்கு முட்டையே தேவையில்லை. 2014-ல் இவ்வழியில் வளர்த்த விழித்திரைத் திசு கோபே நகரில் ஒரு மூதாட்டிக்குப் பொருத்தப்பட்டது.

நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஸ்டெம் செல் ஆய்வுக்காக 2017-ல் வெளியிட்டவை வழிகாட்டு நெறிமுறைகள்தான். ஆய்வுக்கான கருமுட்டையைத் தன் ஊழியரிடமோ மாணவியிடமோ எந்த ஆய்வகமும் பெறக் கூடாது என்பதைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும்.

– ஒரு வாசகி, மதுரை