டம்ளர் சத்தம்

மதுரை,
ஞாயிறு மதியம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடவில்லை என்று திட்டாதே, வீட்டில் ஒரே கூத்து.

மாமனார் நிலத்தை விற்பதில் எனக்கும் இவருக்கும் மனஸ்தாபம். கத்தவில்லை, பாத்திரம் பறக்கவில்லை. பதினொரு நாள் பேச்சு கிடையாது, அவ்வளவுதான். "அப்பாவை கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லு", "அம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு" என்று எல்லாமே பெரியவன் வழியாக. பத்தாவது படிக்கிற பிள்ளையைத் தபால்காரன் ஆக்கிவிட்டோம். சத்தமில்லாமல் நாகரிகமாகச் சண்டை போடுகிறோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு!

அப்புறம் அவனுக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. பள்ளி ஆலோசகர்தான் "வீட்டில் எல்லாம் சுமுகமா?" என்று கேட்டார். அன்று ராத்திரி அவனிடமே கேட்டேன். "நீ டம்ளர வைக்கிற சத்தத்துலயே தெரிஞ்சிரும்மா, இன்னைக்கு எப்படின்னு" என்றான். அடுக்களையில் நடப்பது காதில் விழவேண்டுமென்று, இந்தப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படித்திருக்கிறான். தன் டியூஷன் ஃபீஸால்தான் சண்டை என்றும் நினைத்திருக்கிறான்.

ஆலோசகர் சொல்லி, டேவிஸ், கம்மிங்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1994-இல் எழுதியதைத் தேடிப் படித்தேன். 'இந்தக் குடும்பம் நிலைக்குமா' என்ற பயம்தான் பிள்ளையை அரிக்கிறதாம். அதனால்தான் எந்நேரமும் நம்மை உளவு பார்க்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் சண்டைக் கணக்கில்தான் சேர்த்தி. சமாதானம் ஆனதைக் கண்ணால் பார்த்தால், ஏன், வாயால் சொன்னாலே கலக்கம் தணிகிறது என்று கம்மிங்ஸ் சோதித்துப் பார்த்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். நாங்கள் முறைத்துக்கொள்வது கூடத்தில், ராசியாவது அவன் தூங்கிய பிறகு. பதினைந்து வருஷத்தில் ஒரு சமாதானத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.

மறுநாள் சாப்பிடும்போது இவரே பேச்செடுத்தார். "நிலத்து விஷயம் இன்னும் முடியலடா. ஆனா நானும் அம்மாவும் பேசிட்டோம். உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." அவன் தட்டைப் பார்த்தபடியே, "அப்ப இனிமே கேஸ் யாரு புக் பண்றா?" என்றான். மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுவலி முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

சரி, உன் மகள் பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள், எல்லாம் செல்போனால் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் நான்கு பக்கக் கடிதத்தில் உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையேடி. அதை எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரி