ஆகஸ்டில் காணாமல் போகிறவர்கள்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
அக்டோபர் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பதிலைத் தள்ளிப்போட்டதற்கு வேலை ஒரு காரணம். உன் கேள்வி சற்றே சுருக்கென்று தைத்தது மற்றொரு காரணம். "உன் வகுப்பில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் என்கிறாய். கல்லூரி வீட்டுக்கு அருகில் இருக்கிறது, அரசு உதவித்தொகையும் தருகிறது. அப்படியும் பட்டம் பெறுவோர் குறைவு என்றால், படிப்பில் அவர்களுக்கு நாட்டம் இல்லை என்றுதானே பொருள்?" என்று எழுதியிருந்தாய். உன்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. இங்குள்ள சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுப் பட்டம் தரும் பொதுக் கல்லூரி) கணிதம் கற்பிக்கச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் நானும் இதையேதான் நினைத்திருந்தேன். ஆசிரியர் அறையில் சொல்லியும் இருக்கிறேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஆகஸ்டு மாதம். மே இறுதியில் உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழா நடக்கும். பாட்டி, சித்தப்பா, ஒன்றுவிட்ட தங்கை என்று குடும்பமே திரண்டு வந்து பலூனும் பூங்கொத்துமாக நிற்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் கையில் கல்லூரி அனுமதிக் கடிதம் இருக்கும். ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்கும்போது பார்த்தால், அவர்களில் ஒரு பகுதியினர் எந்தக் கல்லூரியிலும் இருக்கமாட்டார்கள். 'கோடையில் கரைந்துபோதல்' என்று இங்குள்ள கல்வியாளர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வரவில்லை என்றால் ஆர்வமில்லை என்றுதான் நானும் கணக்கெழுதியிருந்தேன். ஒரு கோடையில், வராதவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் வேலை என்னிடம் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒருத்திக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லை. டெக்சாஸில் 22 வயதுக்குட்பட்ட புது மாணவர்களிடம் அதைக் கேட்பார்கள், அவளுக்கோ மருத்துவக் காப்பீடு கிடையாது. கூரை வேலை செய்யும் தந்தைக்குக் கூலி ரொக்கமாகவே வருவதால் வருமானத்துக்கு என்ன காகிதம் காட்டுவது என்று தெரியாமல் ஒருவன் நின்றுவிட்டான். மூன்றாமவனுக்குக் கல்லூரி அனுப்பிய எச்சரிக்கைகள் எல்லாம் அவன் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத மின்னஞ்சல் கணக்கில் கிடந்தன. அப்படி ஒரு கணக்கு தன் பெயரில் இருப்பதையே யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இவர்களில் ஒருவர்கூடப் படிக்க விருப்பமில்லை என்று சொல்லவில்லை. "அடுத்த வருடம் பார்க்கலாம், சார்" என்றார்கள். அடுத்த வருடம் என்பது அனேகமாக வருவதில்லை.

நம் ஊரில் 'முதல் பட்டதாரி' என்று தாசில்தார் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம். சான்றிதழ் வாங்க அலைவது வேறு கதை, ஆனால் குடும்பத்தில் முதலில் படிக்க வருகிறவனுக்கு ஒரு தனி நிலை உண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இங்கே அப்படி ஒரு காகிதம் கிடையாது. இருப்பது 'ஃபாஃப்சா' என்ற படிவம். மத்திய அரசின் பெல் உதவித்தொகை ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். அதற்கும் மற்ற உதவிகளுக்கும் வாசல் அந்த ஒரே படிவம்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வரிக் கணக்கை அது கேட்கும். பெற்றோர் தமக்கெனத் தனிக் கணக்கு தொடங்கி, வரித்துறையிடமிருந்து தகவல் எடுக்க ஒப்புதல் தரவேண்டும். 2021-22 கல்வியாண்டு முதல் இந்தப் படிவத்தையோ இதற்கு ஈடான மாநிலப் படிவத்தையோ நிரப்புவதைப் பள்ளி முடிப்பதற்கான நிபந்தனையாகவே டெக்சாஸ் வைத்தது. வேண்டாமென்று எழுதிக்கொடுத்து விலகவும் வழியுண்டு. விதி நல்லதுதான். ஆனால் 2023 இறுதியில் படிவத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அரசு இறங்கியபோது, வழக்கமாக அக்டோபரில் திறப்பது டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. திறந்த பிறகோ, பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் (அரசு தரும் அடையாள எண்) இல்லையென்றால் இணையத்தில் படிவம் முன்னேறவே மறுத்தது. யாருக்கு அந்த எண் இருக்காது? ஆவணமின்றி இந்நாட்டுக்கு வந்து, இங்கே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை அமெரிக்கக் குடிமகனாக வளர்த்தவர்களுக்கு. பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. தாயின் பெயரை எழுதும் இடத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. அந்த ஆண்டு ஒரு தாய் என் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து, தன்னால்தான் மகளுக்குக் கிடைக்கவில்லை என்று ஸ்பானிய மொழியில் மெதுவாகச் சொன்னார். என் அரைகுறை ஸ்பானிய மொழியில் அதற்குப் பதில் இல்லை. தமிழில் என்றாலும் இருந்திருக்காது.

இவர்கள் எல்லோரும் நேற்று வந்தவர்கள் என்று எண்ணிவிடாதே. 1718-ல் ஸ்பானியர் நிறுவிய நகரம் இது; டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்தது 1845-ல். எல்லையை நாங்கள் கடக்கவில்லை, எல்லைதான் எங்களைக் கடந்துபோனது என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு. நகரின் மேற்கில் எட்ஜ்வுட் என்ற பள்ளி மாவட்டம், அதாவது தனி நிர்வாகமும் தனி வரியும் கொண்ட பள்ளிகளின் வட்டாரம், இருக்கிறது. உடைந்த சன்னல்களையும் தகுதிபெறாத ஆசிரியர்களையும் எதிர்த்து 1968 மே மாதம் அந்தப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். பின்னர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் வேறு சில பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். இங்கே பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. எட்ஜ்வுட் மக்கள் ஒவ்வொரு நூறு டாலர் சொத்து மதிப்புக்கும் ஒரு டாலர் ஐந்து சென்ட் வரி கட்டினார்கள். அங்கே சொத்து மதிப்பே குறைவு என்பதால் அதில் மாணவன் ஒருவனுக்குக் கிடைத்தது 26 டாலர். அதே நகரின் வசதியான ஆலமோ ஹைட்ஸ் பகுதியினர் கட்டியது 85 சென்ட். அவர்களுக்குக் கிடைத்தது 333 டாலர். அதிக விகிதத்தில் வரி கட்டியவனுக்கு வசதி குறைந்த பள்ளி! 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி என்பது நாட்டின் அரசமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லி அந்தப் பெற்றோரைத் திருப்பி அனுப்பியது. மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிதிமுறை டெக்சாஸ் அரசமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளிக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் வகுப்பில் இன்று உட்கார்ந்திருப்பவர்களின் தாத்தா பாட்டிகள் படித்த பள்ளிகள் இவை. நாட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

என் பாடத்துக்கு வருகிறேன். இங்கே குற்றம் சாட்டப்பட வேண்டியவர்கள் நாங்களே. நுழைவுத் தேர்வில் கணிதத்தில் குறைந்த மதிப்பெண் எடுப்பவர்களை, பட்டத்துக்குக் கணக்கில் சேராத அடிப்படை வகுப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாக உட்காரவைப்பது நாடெங்கும் நீண்டகாலம் வழக்கமாக இருந்தது. அக்கறையோடுதான் செய்தோம். ஆனால் மூன்று படி கீழே தொடங்கும் நூறு பேரை எடுத்துக்கொள். ஒவ்வொரு படியிலும் எழுபது விழுக்காட்டினர் தேறி அடுத்த படிக்கு வருகிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முதல் படியில் 70, அடுத்ததில் 49, மூன்றாவதில் 34; உண்மையான கல்லூரிக் கணிதத்தில் தேறுகிறவர்கள் 24. கணித ஆசிரியர்களாகிய எங்களில் பலர் இந்தப் பெருக்கலைப் போட்டுப்பார்க்கவே இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு, உதவித்தொகைக்கோ வாழ்நாளில் இத்தனை ஆண்டுகள்தான் என்ற வரம்பு உண்டு. 2017-ல் டெக்சாஸ் சட்டமன்றம் இதை மாற்றியது. அப்படிப்பட்ட மாணவர்களில் பெரும்பாலோரைக் கல்லூரி நிலை வகுப்பிலேயே சேர்த்து, அதே பருவத்தில் கூடுதல் துணை வகுப்பும் நடத்த வேண்டும் என்றது. கலிபோர்னியாவும் அதே ஆண்டு இதே திசையில் ஒரு சட்டம் இயற்றியது. தரம் கெட்டுவிடும் என்று எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். கெடவில்லை. செவிலியர் படிப்புக்குப் போகிறவளுக்கு உயர் இயற்கணிதத்தைவிடப் புள்ளியியல்தான் தேவை என்பதையும் அந்தச் சாக்கில் ஒப்புக்கொண்டோம்.

குடும்பத்தைப் பற்றி நான் செய்த தவறையும் உன்னிடம் மறைக்கமாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு ஆஸ்டினில் உள்ள பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிச்செல்ல இடம் கிடைத்தது. அவள் போகமாட்டேன் என்றாள். பாட்டிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காரில் அழைத்துப்போவது அவள்தான். "உன் வாழ்க்கையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டை விட்டு வெளியே வா" என்று அறிவுரை சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நானே நான்கு ஆண்டுகள் விடுதியில் இருந்துகொண்டு மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம் அனுப்பியவன், உனக்குத் தெரியாததா? அவள் பதில் பேசவில்லை, என் அறைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டாள். பின்னாளில் சான் அன்டோனியோவிலேயே பட்டம் முடித்து, இப்போது ஒரு பள்ளியில் கற்பிக்கிறாள். குடும்பத்தை வெட்டிவிட்டு வந்தால்தான் படிப்பு என்ற நிபந்தனையை நாங்கள் வைத்தால், இங்குள்ள நல்ல பிள்ளைகள் படிப்பைத்தான் வெட்டுவார்கள். பெற்றோர் மகளை 'மீஹா' என்று அழைப்பார்கள். 'என் மகளே' என்பதன் சுருக்கம் அது. நாம் யார் வீட்டுப் பெண்ணையும் 'அம்மா' என்பதுபோல, கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும்கூட அந்தச் சொல்லைச் சொல்வார்கள். இப்போது புதுமாணவர் அறிமுக நாளுக்குப் பெற்றோரையும் அழைத்து ஸ்பானிய மொழியிலேயே பேசுகிறோம். தேர்வு வாரம் என்றால் என்ன, அந்த வாரம் மட்டும் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஏன் வேறு யாராவது செய்ய வேண்டும் என்று சொன்னால் அவர்கள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

எது பலன் தருகிறது என்றும் கேட்டிருந்தாய். ஹைமே எஸ்கலாந்தே என்ற பொலிவிய ஆசிரியரை நீ அறிந்திருப்பாய். கிழக்கு லாஸ் ஏஞ்சல்சின் கார்ஃபீல்டு பள்ளியில் 1982-ல் அவருடைய 18 மாணவர்கள் நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். அவர்களில் 14 பேர்மீது தேர்வு நிறுவனம் ஐயம் எழுப்பியது. 12 பேர் மறுதேர்வு எழுதி, அத்தனை பேரும் மீண்டும் தேறினார்கள். அவருடைய ஆவேசத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர் அந்தப் பள்ளியில் சேர்ந்தது 1974-ல் என்பதையும், கீழ் வகுப்புகளிலிருந்தே கணிதத்தைப் படிப்படியாகக் கட்டி எழுப்பினார் என்பதையும், பக்கத்துக் கல்லூரியில் கோடை வகுப்புகள் நடத்தினார் என்பதையும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அந்த எட்டு ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. கலிபோர்னியாவின் ஹேவர்டு நகரில் சேபோ கல்லூரியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும் பட்ரிசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியையும் 1981-ல் தொடங்கிய 'புவெந்தே' திட்டமும் அப்படித்தான். அந்தச் சொல்லுக்குப் பாலம் என்று பொருள். எழுத்துப் பயிற்சி வகுப்பு, அதே மாணவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஓர் ஆலோசகர், வேலையில் இருக்கும் ஒரு வழிகாட்டி, பாடத்தில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) எழுத்தாளர்களின் படைப்புகள், அவ்வளவுதான்.

இன்னும் கறாரான சான்று வேண்டுமென்றால் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைப் பார். லத்தீனோ மாணவர்கள் மிகுந்த அதன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-ல் 'அசாப்' என்றொரு திட்டம் வந்தது. முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். பதிலுக்கு, மற்ற உதவிகள் போக மீதிக் கட்டணம், புத்தகம், ரயில்-பேருந்துப் பயண அட்டை எல்லாம் கிடைக்கும். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. பயண அட்டையைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. பேருந்துக்குக் காசில்லாமல் வகுப்புக்கு வராத பையனை ஒருமுறை பார்த்தவன் சிரிக்கமாட்டான்.

எங்கள் நகரிலும் 2020 முதல் 'ஆலமோ பிராமிஸ்' என்ற திட்டம் இருக்கிறது. பிற உதவிகள் போக மிஞ்சும் கல்விக்கட்டணத்தை அது ஏற்கிறது. வீட்டு வாடகையையும் கார் பழுதையும் அது ஏற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு நிலைமை கடினமாகிவிட்டது. டெக்சாஸ் பள்ளியில் படித்து முடித்த ஆவணமற்ற மாணவர்களும் உள்மாநிலக் கட்டணமே (மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம்) செலுத்தலாம் என்று 2001-ல் நாட்டிலேயே முதன்முதலாகச் சட்டம் செய்த மாநிலங்களில் இது ஒன்று. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெரி. கடந்த ஜூன் 4 அன்று மத்திய அரசு அதற்கு எதிராக வழக்குப் போட்டது, மாநில அரசு எதிர்க்காமல் இசைந்தது, நீதிபதி அதே நாளில் சட்டத்தை முடக்கினார். இருபத்து நான்கு ஆண்டுச் சட்டம் ஒரு பகலில் போயிற்று. வெளிமாநிலக் கட்டணமோ பல மடங்கு. பாதிப் படிப்பில் இருந்தவர்களுக்கு என்ன சொல்வதென்று நாங்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் சிலர் வகுப்பிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டார்கள். செப்டம்பரில் அடுத்த அடி விழுந்தது. மாணவர்களில் கால்பங்கினராவது லத்தீனோக்களாக இருக்கும் கல்லூரிகளுக்கென்று ஒதுக்கப்படும் மானியமும், அதுபோன்ற பிற மானியங்களுமாகச் சுமார் 35 கோடி டாலரை மத்தியக் கல்வித்துறை நிறுத்துவதாக அறிவித்தது. இனத்தின் பெயரால் ஒதுக்கீடு கூடாது என்பது அவர்கள் வாதம். அந்தப் பணத்தில் நடந்த துணை வகுப்பிலும் ஆய்வகத்திலும் எல்லா மாணவர்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எங்கள் பதில். அதைக் கேட்பார் இல்லை.

அடுத்த ஆண்டுக்கான படிவம் திறந்துவிட்டது. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பள்ளி நூலகத்தில் பெற்றோருக்கான முகாம். அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் இனிப்பு ரொட்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். 2024 வரிக் கணக்கை எடுத்துவரச் சொல்லி எல்லா வீடுகளுக்கும் நான் ஸ்பானிய மொழியில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். சென்ற முறை ஒரு வினைச்சொல்லைத் தவறாக எழுதி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டேன். ஆனாலும் அறை நிறைந்திருந்தது. தன் பெயரை எழுதலாமா என்று அஞ்சும் தாய்மார்கள் இந்த முறை எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியவில்லை. வந்த கணக்கை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்