பன்னிரண்டு மீட்டர் கயிறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கணக்கு சார் காலமான செய்தியைச் சென்ற வாரம் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியில் போட்டிருந்தீர்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்று இருந்தது. அது சரிதான், ஆனால் பாதிதான். முப்பது வருஷம் போலப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

பூப்பந்து என்றால் என் பேத்தி ஷட்டில் என்று நினைக்கிறாள். அது இறகுப்பந்து. இது மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், வெட்டவெளியில் ஆடுவது. தஞ்சாவூர் அரண்மனையில் தொடங்கிய ஆட்டம் என்பார்கள். எங்களுக்கு அது கோட்டையூர்ப் பக்கம் ஓர் ஊரணிக்கரைப் பொட்டலில் கிடைத்தது. 1982-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. டிரில் மாஸ்டர் மாற்றலாகிப் போய் அந்த இடம் காலியாகக் கிடந்தது. யாரும் கேட்காமலே கணக்கு சார் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மழை பெய்தால் செம்மண்ணில் போட்ட கோடு கரைந்துவிடும். சனிக்கிழமை காலையில் திரும்பவும் போட வேண்டும். சாரிடம் ஒரு கயிறு இருந்தது. சரியாக 12 மீட்டர். மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி கட்டியிருப்பார். ஒருத்தி இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தி மூன்றாவது துணியில், மற்றொருத்தி ஏழாவது துணியில். "இழுங்க" என்பார். கயிறு விறைத்ததும் மூன்றாவது துணியைப் பிடித்தவளின் காலடியில் செங்கோணம் விழுந்துவிடும். முக்கோணத்தின் பக்கங்கள் மூன்று, நாலு, ஐந்து மீட்டர். அதே கயிற்றை ஒரு தடவை போட்டால் ஆடுகளத்தின் அகலம், இரண்டு தடவை போட்டால் நீளம். அப்புறம் மூலைக்கு மூலை அளக்கச் சொல்வார். இரண்டு பக்கமும் 26 மீட்டர் 83 சென்டிமீட்டர் வந்தால்தான் சுண்ணாம்பு வாளியை எடுக்கவிடுவார். பிதாகரஸ் தேற்றம் போர்டுக்கு வந்த அன்றைக்கு வகுப்பே முழித்தது. நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

எங்கள் அப்பா ஆத்தங்குடிப் பட்டறையில் டைல்ஸ் போடுகிறவர், கண்ணாடி மேல் கலர் ஊற்றுகிற வேலை. வயசுக்கு வந்த பிள்ளை பொட்டலில் குதிப்பதா என்று அப்பத்தா வீட்டில் ஒரே சத்தம். என்னைக் கையோடு கூட்டிப் போக அப்பா வந்தார். வந்தவர் கயிற்றைப் பார்த்து நின்றுவிட்டார். "மூலைமட்டம் இல்லாமலா சார் மூலை எடுக்குறீங்க?" என்று கேட்டார். "இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று சார் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். கோடு போட்டு முடிகிறவரை அப்பா பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது என்னிடம், "மூலை சுத்தமா இருக்கு. ஆடிட்டு வா" என்றார். அப்பத்தாவை எப்படிச் சமாளித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறந்துவிட்டார் என்பதற்காக சாரைத் தெய்வமாக்கப் போவதில்லை. மூக்குக்கு மேல் கோபம். வள்ளென்று விழுவார். பொடி போட்ட கையாலேயே பேட்டைப் பிடிப்பார். எங்கள் டீமில் இடதுகைக்காரி ஒருத்தியை மட்டும் திட்டவே மாட்டார். அந்த ஓரவஞ்சனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

பத்தாம் வகுப்பில் தேவகோட்டைக்குப் போட்டிக்குப் போனோம். கடைசி ஆட்டத்தில் 27-29 என்று தோற்றோம். அப்போது 29 பாயிண்ட் ஆட்டம். பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் கிளம்பியதும் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "அவங்க எடுத்த 29-ல 11 நீங்க வெளியே அடிச்சுக் கொடுத்தது" என்றார். எந்தப் பந்து, யார் அடித்தது, எந்தப் பக்கம் போனது என்று எல்லாம் அதில் இருந்தது. ஐந்து என்னுடையது. அழுதுகொண்டிருந்தவள் அதைக் கேட்டதும் அழுகையை விட்டுவிட்டேன். அந்த ஐந்தையும் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் பேத்தி. ஆறாம் வகுப்பு. டைம்டேபிளில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டு பீரியட் இருக்கிறது. இரண்டிலும் கணக்கு நடக்கிறது. விளையாட்டு பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று அமைச்சரே மேடையில் கேட்டுக்கொண்ட பிறகும் இதுதான் நிலைமை. எங்கள் சார் கணக்கு வாத்தியார்தான். ஆனால் விளையாட்டு பீரியடை இன்னொருவர் கேட்டு வந்தால் ஸ்டாஃப் ரூமிலேயே சண்டைக்கு நிற்பார். ஆடிக் களைத்து வந்தால் தன் பீரியடில் முதல் பத்து நிமிஷம் தண்ணீர் குடிக்க, மூச்சு வாங்க என்று விட்டுவிடுவார். அப்படியும் அவர் பாடம் எந்த வருஷமும் முடியாமல் போனதில்லை.

எங்கள் பழைய மாணவிகள் சிலர் பள்ளி வாசலில் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. அந்தக் காசில் பேட்டும் பந்தும் வாங்கிக் கொடுக்கலாம். பொட்டலில் பாதி இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டினால் ஓர் ஆடுகளத்துக்கு இடம் வரும். நான் தையல்காரி, அளவெடுத்தே பிழைக்கிறவள். கோடு போட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இன்னொரு விஷயம். செய்தியில் அவருக்கு வயது 79 என்று போட்டிருந்தீர்கள். 81. தயவுசெய்து திருத்தம் போடுங்கள். எண் தப்பாக இருந்தால் சாருக்குப் பிடிக்காது.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருத்தி,
காரைக்குடி