ஓவிய வகுப்பை எடுத்துவிடாதீர்கள்: ஒரு சமுதாயக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நம் கல்லூரியின் காட்சிக்கலை, புகைப்படப் பட்டயப் படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் தயாராகிறது என்றும், வரும் கல்வியாண்டிலிருந்து ஓவிய வகுப்பும் அருங்காட்சியக வகுப்பும் விருப்பப் பாடமாகிவிடும் என்றும் இப்போது படிக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். அந்த நேரத்துக்கு ஆல்பம் டிசைன், ரீல்ஸ் எடிட்டிங், ட்ரோன் எல்லாம் வரப்போகிறதாம். காரணம் கேட்டால் வேலைவாய்ப்பு என்கிறார்களாம்.

நான் இதே படிப்பை முடித்து, வடசென்னையில் ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று என் வருமானம் முழுக்கக் கேமராவிலிருந்துதான் வருகிறது. வேலைவாய்ப்பைச் சொல்லித்தான் ஓவியத்தை ஒதுக்குகிறார்கள் என்றால், அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. எனக்குச் சோறு போடுவது அந்த ஓவிய வகுப்புதான்.

முதல் பருவத்தில் எங்கள் ஓவிய ஆசிரியர் மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, ஒரு எவர்சில்வர் சொம்பையும் ஒரு கத்தரிக்காயையும் வைப்பார். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரு ஜன்னலை மட்டும் திறப்பார். எங்கள் கையில் கரித்துண்டு. எல்லோரும் கத்தரிக்காயைக் கறுப்பாகத் தீட்டித் தள்ளுவோம். தாளில் ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். அவர் கையை வைத்துத் திருத்த மாட்டார். "காய்ல ஜன்னல் எங்க தெரியுது பாருங்க" என்பார், அவ்வளவுதான். உற்றுப் பார்த்தால் காயின் மேல்பக்கத்தில் ஜன்னல் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். காம்பை நெருங்க நெருங்க அந்தக் கோடு வளைந்து மெலியும். அடிப்பக்கம் துணியின் வெளிச்சம் லேசாக ஏறியிருக்கும். அந்த இரண்டு இடத்தையும் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு மற்றதைத் தீட்டினால் காய் உருண்டையாக எழுந்து நிற்கும். வெளுத்த பொருளின் உருவம் நிழலில் தெரியும், கறுத்த பொருளின் உருவம் பளபளப்பில் தெரியும். எந்தக் கேமராவின் மெனுவிலும் இது இல்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் படம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே கறுப்பு. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கோ எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல்தான், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு. அதை வைத்துத்தான் அது கணக்குப் போடும். மண்டபத்தில் பளீரென்ற எல்இடி திரைக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றால், அந்த வெளிச்சத்தை அடக்கப் பார்த்து முகங்களை இருட்டில் தள்ளிவிடும். சரி என்று ஃப்ளாஷை நேரே முகத்தில் அடித்தால் மூக்கும் கன்னமும் ஒன்றாகத் தட்டையாகி, மேக்கப் சாம்பல் பூத்தது போலத் தெரியும். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தோலை வெளுக்க வைப்பதுதான் வேலை. "கலர் கொஞ்சம் ஏத்திடுங்க தம்பி" என்று வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. எனக்கு இது தீராத வருத்தம். ஒரு பெண் தன் கல்யாண ஆல்பத்திலேயே வேறு யாரோவாக இருக்கிறாள். அவள் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவதும் அந்த யாரோவைத்தான்.

விளக்கை நேரே வைக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோய், ஒளியை மென்மையாக்கும் பெரிய துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸை மாட்டி, மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் போதும். நெற்றி ஓரத்திலும் கன்ன எலும்பிலும் ஒளி வழுக்கி ஓடும், முகம் தன் நிறத்திலேயே நிற்கும். கத்தரிக்காய்க்கு ஜன்னலும் துணியும் செய்த அதே வேலைதான். சாஃப்ட்பாக்ஸ்கூட வேண்டாம், வியாசர்பாடியில் ஒரு வீட்டில் வாசல் வெளிச்சத்திலேயே மணப்பெண்ணை உட்கார வைத்து எடுத்தேன். படத்தைப் பார்த்த அவள் ஆயா, "அவ அம்மா ஜாடை இதுலதான் தெரியுது" என்றார். அந்தக் குடும்பத்தின் அடுத்தடுத்த விசேஷங்களுக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலைவாய்ப்பு என்றால் இதுவும் வேலைவாய்ப்புதானே?

கருவி நடுநிலையானது, அதை இயக்கத் தெரிந்தால் போதும் என்று பாடத்திட்டத்தில் இருந்தால் அது தவறு. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சு லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்களின் படம்தான் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவர்கள் தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று கணக்கு. மரச்சாமான் விற்பவர்களும் சாக்லெட் கம்பெனிகளும் தங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் ஒழுங்காக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமில் அந்த நிறங்களின் மேல் கவனம் திரும்பியது. மனிதர்களுக்காகத் திரும்பவில்லை. இன்றைய செல்போன் 'பியூட்டி' ஃபில்டர் தானாக முகத்தை வெளுக்கும்போது அந்தப் பழைய கணக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சென்னையில் புகைப்படம் சொல்லித்தரும் கல்லூரி ஒன்று இதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

அருங்காட்சியக வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக இணையத்தில் படங்களைக் காட்டிவிடலாம் என்று யோசனையாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்து வரைந்தவர்களுக்குத் தெரியும், நாம் ஓரடி நகர்ந்தால் தோளில் இருக்கும் ஒளி முழங்கைக்கு நகர்ந்துவிடும். கறுத்த உலோகத்தின் மேல் ஒளி எப்படி நடக்கிறது என்பதைப் படிக்க இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. திரையில் பார்ப்பது வேறொருவர் ஏற்கெனவே நின்று முடிவு செய்த ஒரே கோணம். மாணவர் எங்கே நிற்பது என்பதைத் தானே முடிவு செய்யத்தானே அங்கே போகிறார்? வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். செலவு பெரிதல்ல.

ஓவியமும் புகைப்படமும் வேறு வேறு துறை என்பது இந்த ஊருக்குப் புதிய பேச்சு. இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்று உருவாகவும் அதே ஹன்டர்தான் முன்நின்றார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-ல் தஞ்சாவூரையும் மதுரையையும் படம் எடுத்தபோது, அன்றைய நெகட்டிவிலிருந்து அச்சிட்டால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அவர் தூரிகையை எடுத்து நெகட்டிவ் மேல் மேகங்களை வரைந்தார். வரையத் தெரிந்த கை அந்தப் படங்களுக்குள்ளேயே இருக்கிறது.

விருப்பப் பாடம்தானே, விருப்பமுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். 1995-ல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டது யாருக்காக? பள்ளியோடு படிப்பு நின்றவர்களுக்காக, பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக. நான்கு வருடம் பகல் வகுப்பில் உட்கார்ந்து கவின் கலைப் பட்டம் படிக்க எங்களால் முடியாது. நம் கல்லூரியில் கிடைக்காவிட்டால் ஓவிய வகுப்பு எங்களுக்கு எங்கேயும் கிடைக்காது. ஓவியம் நமக்கு எதற்கு என்று எண்ணி வருகிற பையன் அதை விருப்பப் பாடமாக எடுக்கவே மாட்டான். நானும் எடுத்திருக்க மாட்டேன்.

எடிட்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தெரியாமல் இன்று கடை நடத்த முடியாது. ஆனால் மென்பொருள் அடிக்கடி மாறும், இணையத்தில் இலவசமாகக் கற்கலாம், எந்த ஸ்டூடியோவிலும் உதவியாளராகச் சேர்ந்தால் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். நேரம் போதவில்லை என்றால் ஆல்பம் டிசைனைக் குறையுங்கள். ஆல்பத்தை எங்களில் பலர் வெளியே டிசைனரிடம்தான் கொடுக்கிறோம்.

ஓவிய வகுப்பைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருங்கள். செய்முறைத் தேர்வில் கறுத்த தோலுக்கு ஒளி அமைப்பதை ஒரு கேள்வியாகச் சேருங்கள், கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தும் ரீடச்சிங் இல்லாமல். அப்புறம் இன்னொன்று: கல்லூரியின் விளக்குகளும் டிரைபாடுகளும் இருக்கும் அறையை மாலை வகுப்பு தொடங்கும் முன்பே பூட்டிவிடுகிறார்கள் என்று பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். வேலை முடித்து வருகிறவர்களுக்குத்தான் அவை அதிகம் தேவை.

புதிய பாடத்திட்டத்தை இறுதி செய்யும் கூட்டத்தில் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு நாற்காலி கொடுங்கள். தொழிலில் இருக்கும் சிலர் வரத் தயாராக இருக்கிறோம். சனிக்கிழமை மாலைகளில் ஒளியமைப்புப் பயிற்சிக்கு என் ஸ்டூடியோவைக் கட்டணமின்றித் தருகிறேன். முகூர்த்த நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
புகைப்படப் பட்டயப் பிரிவின் முன்னாள் மாணவன்,
வடசென்னை.