மண்கரையின் உயரமும் மலைச்சரிவின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் மலைச்சரிவுகளில் உள்ள வரலாற்றுக்கு முந்தைய மண்கரை வளையங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால் ‘3 மீட்டர் உயர அரண்’ என்ற வரியை அப்படியே விட்டுவிட முடியாது. கட்டுரையின் மற்ற முடிவுகள் எல்லாம் அந்த எண்ணின் மேல்தான் நிற்கின்றன.

கீழ்ச்சரிவில் நின்று, கரையின் அடியிலிருந்து உச்சிவரை அளந்திருக்கிறார்கள் என்று படத்திலேயே தெரிகிறது. சமதளமானால் அது சரி. சரிவில் அளந்தால் மலையின் இறக்கமும் கரையின் கணக்கில் ஏறிவிடும். 15 பாகைச் சரிவில் மட்டமாக 8 மீட்டர் போனால் நிலம் தானாகவே சுமார் 2.1 மீட்டர் இறங்கும். அதைக் கழித்தால் மனிதர் கொட்டிய மண் ஒரு மீட்டர்கூடத் தேறாது. கரைக்குக் குறுக்கே நாடாவை இழுத்து, அரை மீட்டருக்கு ஒருமுறை ஸ்டாஃபை (அளவு குறித்த நெடுங்கோல்) நிறுத்தி, மட்டம் பார்க்கும் லெவல் கருவியில் உயரம் படிக்க வேண்டும். நாடா சரிவோடு சாய்ந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். துண்டு துண்டாக மட்டம் பிடித்து அளப்பதே நல்லது. கரை முடிந்த இடத்தோடு நிறுத்தாமல் இரு புறமும் குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் போனால்தான் இயற்கைச் சரிவின் கோட்டை வரைபடத்தில் போட முடியும். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளது கரை, கீழே உள்ளது அகழி.

உழுத நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. உழவில் கீழே நகரும் மண், கீழ்ப்பக்கக் கரையின் உட்புறத்தில் தேங்கி மேடாகிவிடும். உள்ளிருந்து பார்த்தால் கரையே தெரியாது, வெளியிலிருந்து பார்த்தால் பெரிய இறக்கம். மேல்பக்க அகழியோ சரிந்து வரும் மண்ணால் சீக்கிரம் தூர்ந்துவிடும். இருபுறமும் சாய்வு உண்டா என்று பாராமல் எழுதினால் பழைய வயல் வரப்பும் ‘அரண்’ ஆகிவிடும்.

கட்டியபோது கரை எவ்வளவு உயரம் என்பதற்கு அகழியைத்தான் கேட்க வேண்டும். மேலே 3 மீட்டர், அடியில் 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் இருந்தால், மீட்டர் நீளத்துக்கு 3.75 கன மீட்டர் மண் வெளியே வந்திருக்கும். 5 மீட்டர் அடியுள்ள முக்கோணக் கரையாகக் குவித்தால் 1.5 மீட்டர் உயரம். தோண்டிய மண் பொதபொதவென்று உப்புவதால் முதலில் இன்னும் சற்று கூடுதலாகவே நின்றிருக்கும்.

காலக்கணிப்பிலும் இடறல் இருக்கிறது. அகழியின் நடு அடுக்கில் கிடைத்த கரியை வைத்து அது வெட்டப்பட்ட ஆண்டைச் சொல்லியிருக்கிறீர்கள். வில்ட்ஷயரின் ஓவர்டன் டவுனில் 1960இல் ஆய்வுக்கென்றே ஒரு கரையும் அகழியும் கட்டினார்கள். 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகளில் வெட்டிப் பார்ப்பது திட்டம். ஓரங்கள் உறைபனியில் உதிர்ந்து, முதல் சில குளிர்காலங்களிலேயே அடியின் மூலைகளில் சல்லி குவிந்துவிட்டது. அதன் மேலுள்ள நுண்மண் மெதுவாகச் சேர்வது. நடு அடுக்குக் கரி, அகழி கவனிப்பாரற்றுக் கிடந்த காலத்தைத்தான் சொல்லும். அகழி அடியில் கிடக்கும் மண் தோண்டப் பயன்பட்ட மான்கொம்புக் குத்துக்கோல், மூட்டுப் பிரியாத எலும்பு போன்றவைதான் வெட்டிய காலத்துக்கு நெருங்கிய சாட்சி. முதிய மரத்தின் நடுத்தண்டுக் கரியானால் நூறு, இருநூறு ஆண்டு பழமையைக் கூட்டிக் காட்டவும் கூடும்.

இனி அரண் என்ற பேச்சுக்கு வருவோம். டெவனில் உள்ள மில்பர் டவுனின் கரைகள் சிகரத்தில் இல்லை, சரிவில் இருக்கின்றன. மேலே நிற்பவன் உள்ளே நடப்பதையெல்லாம் பார்ப்பான். எதிரிக்கு உயரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு யார் அரண் கட்டுவார்கள்? இத்தகைய சரிவுக் கரைகளைத் தொகுத்து 1952இல் எழுதிய தொல்லியலாளர் ஐலீன் ஃபாக்ஸ், கரைகளுக்கு இடையிலான அகன்ற வெளியைக் கால்நடை அடைக்கும் இடமாகக் கொண்டார். அதற்காகச் சண்டையே நடக்கவில்லை என்பதல்ல. கிளௌஸ்டர்ஷயரின் கிரிக்லி ஹில்லில் புதிய கற்கால வாயில்களை ஒட்டி நூற்றுக்கணக்கான கல் அம்புமுனைகள் கிடைத்தன. அங்கே தாக்குதலைச் சொல்வது அம்பு, கரையின் உயரமல்ல.

லைடார் (வானிலிருந்து லேசர் கொண்டு நில உயரத்தை அளக்கும் முறை) படத்தில் தெரியாத வடகிழக்குப் பகுதி ‘அழிந்துவிட்டது’ என்பதும் அவசர முடிவு. அந்தப் படத்தில் ஒளி வடமேற்கிலிருந்து ஒரே திசையில் விழுகிறது. ஒளிக்கு இணையாக ஓடும் கரை நிழலே தராது. குறைந்தது நான்கு திசைகளில் ஒளியை மாற்றிப் பார்த்துவிட்டு எழுதலாம்.

கடைசியாக, கரைமேல் ஏறி நடக்கும்படி வாசகர்களை அழைத்திருக்கிறீர்கள். உச்சியில் புல் தேய்ந்தால் மழைநீர் அதே வழியில் இறங்கி வாய்க்கால் அறுத்துவிடும். அறுத்த இடத்தை அகழி மண்ணைத் தோண்டி அடைப்பதுதான் பெரிய கேடு: பழைய மகரந்தமும் கரியும் பானை ஓடுகளும் அதில்தான் இருக்கின்றன. மேலும், சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இடமானால், 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி அங்கே தோண்டுவதோ உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதோ குற்றம். அனுமதி பெற்றுச் சீரமைப்பவர்கள் அறுந்த பரப்பில் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தாங்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை மேலே போட்டு, வேரோடு பெயர்த்த புல்பத்தை பதித்து, புல் வேர்பிடிக்கும்வரை ஆட்டையும் ஆளையும் தடுத்து வைப்பார்கள். பின்னாளில் வெட்டிப் பார்ப்பவருக்குப் பழைய மண் எது, போட்ட மண் எது என்பதை அந்தத் துணியே காட்டிவிடும்.

அன்புடன்,
ஒரு வாசகர்