நகரமன்றத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரமன்ற உறுப்பினர்களுக்கும் பள்ளி மாவட்ட வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் வகுப்புகள் முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 6 மணி வரை நடந்துவந்த மாலைநேரத் திட்டம் சென்ற மாதம் முதல் 4 மணியுடன் முடிவதன் பின்னணி உங்களுக்குத் தெரியும். கொரோனா நிவாரண நிதிக்கான கெடு 2024 செப்டம்பரில் முடிந்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் திட்டங்களுக்காக 2021இல் நம் கலிஃபோர்னியா மாநிலம் தொடங்கிய விரிவுபடுத்தப்பட்ட கற்றல் நிதியோ 6ஆம் வகுப்பைத் தாண்டுவதில்லை. என் மகள் 7ஆம் வகுப்பில் படிக்கிறாள்.

நான் வேலை முடிந்து இரண்டு பேருந்து மாறி வந்து சேர்வதற்குள் மணி 5.50 ஆகிவிடுகிறது. ஆறு தடச் சாலையைக் கடந்து தனியாக வீட்டுக்குப் போக அவளை அனுமதிக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே பள்ளி மைதானத்தையும் நகரப் பூங்காவையும் பிரிக்கும் கம்பி வேலியை ஒட்டிய பெஞ்சில் அவள் காத்திருக்கிறாள். நவம்பரில் 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், பூங்கா விளக்கு வேலியைத் தாண்டி விழும் இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வேலிக்கு அந்தப் பக்கம், இருபது அடி தூரத்தில், நகராட்சியின் பொழுதுபோக்குக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. கூடம் நகரத்துடையது, பிள்ளைகள் பள்ளியுடையவர்கள், நடுவில் இருக்கும் வாயிலின் சாவிக்கு யார் பொறுப்பு என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

இதையே இரு மன்றங்களின் கூட்டங்களிலும் எனக்குக் கிடைத்த இரண்டிரண்டு நிமிடங்களில் சொன்னேன். நகரமன்றம் பள்ளி வாரியத்தைக் கேட்கச் சொன்னது. பள்ளி வாரியம் நகரமன்றத்தைக் கேட்கச் சொன்னது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: குளிர்கால விடுமுறைக்கு முன் இரு தரப்பினரும் ஒன்றாக அமர்ந்து, பணியாளர் சம்பளம், கூடம், துப்புரவு, காப்பீடு ஆகியவற்றில் யார் எதை ஏற்பது என்பதை எழுத்தில் வைத்து, மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

இது நடக்காத காரியமல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் மேயர் டாம் பிராட்லி காலத்தில், 1988இலேயே, நகரமும் பள்ளி மாவட்டமும் சேர்ந்து இத்தகைய திட்டத்தைத் தொடங்கின. ஓக்லாந்து வாக்காளர்கள் 1996இல் நகரப் பொது நிதியில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிவைத்தார்கள். அந்தப் பணமும் மாநில மானியமும் அங்கே ஒரே பள்ளி வளாகத்தில் கைகோக்கின்றன. அந்த மாநில மானியம், பள்ளி முடிந்தபின் நடக்கும் திட்டங்களுக்காக 2002இல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 49ஆம் முன்மொழிவிலிருந்து வருகிறது. மானியத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு நிகரானதை உள்ளூரும் தன் பங்காக, அதாவது ஈடாக, தர வேண்டும் என்பது விதி. இடத்தையும் உழைப்பையும்கூட ஓரளவு அதில் கணக்குக் காட்டலாம். அந்த மானியம் 9ஆம் வகுப்பு வரை பொருந்தும். அப்படியிருக்க, பூட்டிய கூடத்தை ஈடாகக் காட்டி எங்கள் பள்ளிக்காக விண்ணப்பிக்க ஏன் இன்னும் முயலவில்லை?

நான் பேசிய அதே இரவில் வாகன நிறுத்தத்துக்கான ஒதுக்கீடு விவாதமே இல்லாமல் நிறைவேறியதைப் பின்வரிசையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கார்களுக்கு அவ்வளவு எளிதாக இடம் கிடைக்கும் ஊரில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் ஓர் அறை கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சொல் கடுமையாக இருந்தால் பொறுத்தருளுங்கள்.

விடுமுறைக்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, ஒரு பணியாளரை அமர்த்தி, அந்த வாயிலையும் கூடத்தையும் 6 மணி வரை திறந்து வைக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
7ஆம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்