20 நிமிடம் போதும்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா எழுதுகிறேன். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. உரியவர்களுக்குப் படித்ததும் தெரிந்துவிடும்.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். மூன்றாவது பீரியடில் என் மகள் டெஸ்க்கில் தலை கவிழ்ந்து கிடக்கிறாள். "பாருங்கம்மா, உங்க பொண்ணு படிக்கிற லட்சணத்தை" என்றீர்கள். பக்கத்தில் இருந்த பெற்றோர் சிலர் சிரித்தார்கள். ஜூன் மாதமே நரம்பியல் மருத்துவரின் சான்றிதழைக் கொடுத்திருந்தேன். அதில் 'நார்கோலெப்சி', அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் அழுத்தும் நரம்பு நோய், என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கோப்பைத் திறந்து பார்க்க நேரமில்லை. கேமரா பதிவைத் தேடி எடுக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

விழிப்பைக் கலையாமல் பிடித்துவைக்க மூளையில் ஹைப்போகிரெடின் என்று ஒரு பொருள் சுரக்க வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் இவளுக்கு அழிந்துவிட்டன. இரவு எத்தனை மணிநேரம் படுத்தாலும் பகலில் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். மருத்துவமனையில் ஓர் இரவு தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருதரம், ஐந்து முறை தூங்கச் சொன்னார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டாலே சந்தேகப்படுவார்களாம். இவளுக்கு 3 நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்கு முன் நாங்கள் ஏறி இறங்கிய படிகளைக் கேட்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு டெஸ்ட், தாயத்து. விடியற்காலையில் கண் விழித்தும் கைகால் அசையாமல், யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதாக அழுவாள். அமுக்குவான் பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப் போனேன். ராத்திரியெல்லாம் மொபைல் பார்க்கிறாள் என்று போனைப் பிடுங்கி, அடித்தும் இருக்கிறேன். அதனால் உங்களை மட்டும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் நான் நிறுத்திவிட்டேன்.

தூக்கத்தைவிட எனக்குப் பெரிய வேதனை அவள் சிரிப்பு. இந்த நோயில் சிரிப்பு பொங்கி வரும்போது உடம்பின் பிடி விட்டுப்போகும். முழங்கால் மடங்கும், தாடை தொங்கும், நினைவு மட்டும் இருக்கும். கேட்டாப்ளெக்ஸி என்று பெயர். தமிழ் ஐயா வகுப்பில் ஒரு வேடிக்கை சொன்னார், இவள் சிரித்தாள், அப்படியே சரிந்து விழுந்தாள். காக்கா வலிப்பு என்று யாரோ கையில் சாவியைத் திணித்தார்கள், "நடிக்கிறா" என்று வேறு யாரோ சொன்னார்கள். இரண்டும் அவள் காதில் விழுந்தது. வாய் திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து தோழிகள் சிரித்துப் பேசினால் எழுந்து போய்விடுகிறாள். வீட்டில் டிவியில் காமெடி வந்தால் சேனலை மாற்றுகிறாள். பதினாறு வயதுப் பெண், ஐயா. சிரிக்கப் பயப்படுகிறாள்.

அவளுடைய வேதியியல் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முதல் நாலு வரி முத்து முத்தாக இருக்கும். ஐந்தாவது வரி கோட்டை விட்டு இறங்கி, எழுத்து புழுவாக நெளிந்து, பக்கத்தின் ஓரத்தில் போய் முடியும். தூக்கத்திலும் கை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. சோம்பேறி அப்படி எழுதுவாளா?

நான் கேட்பது 20 நிமிடம். மதிய இடைவேளையில், ஆள் நடமாட்டம் இல்லாத ஏதாவது ஓர் அறையில் படுக்க விடுங்கள். எழுந்தால் அடுத்த இரண்டு பீரியட் தெளிவாக இருப்பாள். ஸ்மார்ட் போர்டு, யோகா ஹால் என்று கட்டண ரசீதில் எத்தனையோ வரிகள் இருக்கின்றன. ஒரு பாய் விரிக்கவா இடமில்லை? வகுப்பு வாசலில் நிற்கவைத்தால் தூக்கம் போய்விடும் என்று நம்புகிறீர்கள். நின்றபடியே தூங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டால் அந்தப் பதிவையும் போட்டுக் காட்டுவீர்களா?

மன்னிக்கவும், பேச்சு தடித்துவிட்டது. இந்த நோய் பலருக்குப் பத்து வயதுக்கு மேல், பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டும். பெற்றோருக்கு முன்னால் உங்கள் கண்ணில்தான் படும். தினமும் ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால், 'கும்பகர்ணி' என்று பெயர் வைக்கும் முன் மருத்துவரிடம் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அரையாண்டுத் தேர்வு வருகிறது. மூன்று மணிநேரத்தில் எப்படியும் ஒருமுறை அவள் தலை சாயும். கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தோளைத் தொட்டால் போதும், விழித்து விட்ட இடத்திலிருந்து எழுதுவாள். பேப்பரைப் பிடுங்க வேண்டாம் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். மதியத்துக்கு அந்த 20 நிமிடத்தையும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா